சீட்காரர் வீட்டு எலக்ட்ரிக் கார்

எலக்ட்ரிக் கார் வாங்குவது என்று மனைவி முடிவு செய்த அன்றே சீட்காரர் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்பது அந்த வாக்கியம். எல்லாக் கணவன்மாரும் கைவசம் வைத்திருக்கிற பழைய சரக்குதான். இவர் மட்டும் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே பளபளப்பாக்கி வைத்திருந்தார். அந்தக் குட்டிக் கார் மக்கர் பண்ணுகிற அன்று நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டும், நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசை.

அந்த நாள் வந்தது. வண்டி ஓடுகிறது, ஆனால் சார்ஜ் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. வயரை மாட்டினால், வயரின் நடுவில் தொங்குகிற பெட்டியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். இரண்டு நாளாகச் சிவப்பு விளக்குதான் முறைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சமிருக்கிற சார்ஜில் கடைத்தெரு வரைக்கும் போய்வரலாம், அவ்வளவுதான். சீட்காரர் காலையில் முகம் கழுவிய ஈரத்தோடு கார் ஷெட்டுக்கு வந்தார். வாக்கியம் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

ஷெட்டில் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். வயரை மடியில் போட்டுக்கொண்டு துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க அழுதுகொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் அழுது அவர் பார்த்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரசவ வார்டில் வேலை பார்க்கிறவள். ஊரார் அழுவதையெல்லாம் பார்த்துப் பார்த்து, தன் பங்கை எங்கோ ஒதுக்கி வைத்துவிட்டவள். தெருவில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். சில நாள் குஷி வந்தால் சீட்காரரே அப்படித்தான் கூப்பிடுவார்.

"அன்னைக்கு மழையில வயரை வெளியிலயே விட்டுட்டேங்க," என்றாள் நிமிராமல். "நான்தான் கெடுத்துட்டேன். நமக்கெல்லாம் இது எதுக்கு? சாயங்காலம் டாக்டருக்குப் போன் பண்ணி வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடறேன்."

சீட்காரர் வாக்கியத்தை அப்படியே விழுங்கினார். தொண்டையில் முள்ளாகத்தான் இறங்கியது.

விஷயம் இதுதான். டவுன் ஆஸ்பத்திரியில் எத்தனையோ வருஷமாக அவள் இரண்டாவது ஆளாகவே இருந்தாள். வேலையெல்லாம் இவள் தலையில், பேரெல்லாம் இன்னொருத்திக்கு. இப்போது மலையடிவார ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு முழுவதையும் அவள் பொறுப்பில் தருகிறேன் என்று பெரிய டாக்டர் கூப்பிட்டிருந்தார். டூட்டி மாறுகிற நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. அதற்காகத்தான், கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் முழங்கால் வலிக்கு மாத்திரை தேடுகிற வயதில், அவள் காரோட்டக் கற்றுக்கொண்டாள். நாளைக் காலை முதல் டூட்டி. வண்டித் தகராறு டாக்டரின் காதுக்கும் எட்டிவிட்டது. இருட்டுவதற்குள் வருகிறாயா, இல்லையா என்று சொல்லிவிடு, இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் மட்டும் வலிக்காமல் இருக்குமா?

"சாயங்காலம்தானே?" என்றார் சீட்காரர். "அதுவரைக்கும் நீ போனைத் தொடக் கூடாது. எழுந்திரு."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கு எலக்ட்ரிக் காரைப் பற்றித் தெரிந்தது பூஜ்யம். அவருடைய தொழில் கார்களுக்கு சீட் கவர் தைப்பது, ஊருக்கு அவர் சீட்காரர் ஆனதும் அதனால்தான். வீட்டின் முன்பக்கம்தான் கடை. ரெக்சின் சுருள், ஸ்பாஞ்ச், பசை டப்பா, பெரிய தையல் மெஷின் ஒன்று, இவைதான் அவர் உலகம். ஒரு காரின் உள்ளே உட்காரும் இடம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அவர் ராஜா. பானெட்டைத் திறந்தால் அவர் ஒரு பாமரர்.

வாங்கவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்ற மனுஷன், வண்டி வீட்டுக்கு வந்ததும் செய்த கூத்து தனி. அதற்கு அவர் போட்ட சட்டை போல ஊரில் எந்த வண்டிக்கும் கிடையாது. சீட்டுக்கு, ஸ்டியரிங்குக்கு, கதவுக் கைப்பிடிக்கு, தோளில் உரசுகிற பெல்ட்டுக்கு என்று பார்த்த இடமெல்லாம் தைத்து மாட்டினார். விட்டால் சக்கரத்துக்கும் சாக்ஸ் தைப்பீர்கள் என்று மனைவி சிரித்தாள். ஆனால் அவர் வாய் மட்டும், இது பொம்மைக் கார், பொம்மைக் கார் என்று ஜபம் பண்ணிக்கொண்டே இருந்தது. கையும் வாயும் வேறு வேறு கட்சி.

முதலில் சுவரிலிருந்து ஆரம்பித்தார். ஷெட்டில் இருக்கிற பெரிய பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். அது நன்றாகவே சூடானது. விரலை வைத்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு, சந்தோஷப்பட்டார். கரண்ட் வருகிறது. அப்புறம் பக்கத்துத் தெரு வயர்மேனைக் கூப்பிட்டார். அவன் வந்ததும் வராததுமாக எர்த் சரியில்லையென்றால் இந்த வண்டிகள் சார்ஜ் வாங்காது அண்ணே என்றான். சீட்காரருக்கு நம்பிக்கை பிறந்தது. எர்த் கெட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார். டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார்கள். பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த் தங்கமாக இருந்தது.

வண்டியின் முன்பக்கம் சின்ன பேட்டரி ஒன்று உண்டு. பெரிய பேட்டரிக்கு உத்தரவு போடுவது அதுதானாம், அது படுத்துவிட்டால் எல்லாம் படுத்துவிடுமாம். வயர்மேன் மீட்டரை வைத்தான். அதுவும் குத்துக்கல் மாதிரி தெம்பாக இருந்தது. ராத்திரியில்தான் சார்ஜ் ஏற வேண்டும் என்று யாராவது நேரம் குறித்து வைத்திருக்கிறார்களா என்று சிஸ்டர் வண்டியின் திரையில் தேடினாள். அப்படி ஒன்றும் இல்லை. ஷோரூமுக்குப் போன் போட்டால் அங்கிருந்த பெண், வண்டியை ஒருமுறை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றாள். போட்டார்கள். மறுபடியும் அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றாள். அதையும் செய்தார்கள். அவளிடம் இருந்த வைத்தியம் அந்த ஒன்றுதான் போலிருக்கிறது.

"தம்பி, வயர் கெட்டிருக்குமா?" என்று வயர்மேனிடம் கேட்டார் சீட்காரர்.

அதைத்தான் சிஸ்டரும் காலையிலிருந்து நம்பிக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்த வயர். தெருக்கோடியில் இருக்கிற டியூஷன் டீச்சரிடம் இதே கார் இருந்தது. சீட்காரர் வயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு நடந்தார். டீச்சர் நல்ல மனுஷி, பாடத்தை நிறுத்திவிட்டு, வண்டியில் சார்ஜ் போடுகிற இடத்து மூடியைத் திறந்துவிட்டாள். இவர்கள் வயரை அவள் வண்டியில் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அவளுடைய வயரைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து இவர்கள் வண்டியில் செருகினார்கள். சிவப்பு.

ஆக, சுவர் மேல் தப்பில்லை, வயர் மேல் தப்பில்லை. தப்பு வண்டிக்கு உள்ளே. வயர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் இது நம்ம கையில் இல்லை அண்ணே, உள்ளே இருக்கிற சார்ஜர் போயிருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவனைக் குறை சொல்ல முடியாது. இருக்கிற அறிவுக்கு எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மச்சினன் வந்து சேர்ந்தான். சிஸ்டரின் தம்பி, பைக் உதிரி பாகம் விற்கிறவன், யார் வீட்டில் எது கெட்டாலும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஆஜராகிவிடுவான். வரும்போதே ஷோரூமில் பேசி லாரிக்கு ஏற்பாடு பண்ணிவிட்டு வந்திருந்தான். வண்டியை ஏற்றிப் போனால் பார்த்துச் சொல்ல எத்தனை நாளாகும் என்று அவனுக்கே தெரியவில்லை. அக்கா, இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக டவுன் ஆஸ்பத்திரியிலேயே இரு என்று அக்கறையாகச் சொன்னான். சிஸ்டர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அந்த மௌனம் சீட்காரருக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடுகிறவள் சும்மா போனால் பாதி முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம்.

"மாமா, நீங்க என்ன இன்னும் அதையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? உங்களுக்குத்தான் இந்த வண்டியே பிடிக்காதே?" என்றான் மச்சினன்.

நியாயமான கேள்விதான். லாரி வந்தால் வாசலில் நிற்கட்டும், நான் சொல்லாமல் யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்காரர் ஷெட்டுக்குள் போனார். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

ஷெட்டில் சீட்காரரும் காரும் மட்டும். வயர் நுனியில் துப்பாக்கி மாதிரி பிடி ஒன்று இருக்கும், அதைக் கன் என்பார்கள். கன்னை எடுத்துச் செருகினார், பிடுங்கினார், மறுபடியும் செருகினார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பிடுங்கிச் செருகினால் சரியாகிவிடும் என்று ஒன்றும் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாத கை அதையே செய்தது. நான் இங்கிருந்து நகர மாட்டேன், நீயாச்சு நானாச்சு என்று காரிடம் வாய்விட்டே சொன்னார்.

எத்தனையாவது தடவையோ, கை நின்றது. ஏதோ குறைகிறது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை செருகினார்.

டீச்சர் வீட்டில் கன் உள்ளே போனபோது 'டக்' என்று சத்தம் வந்தது. இங்கே வரவில்லை.

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கார் சீட்டைக் கழற்றிக் கவர் போட்டுத் திரும்ப மாட்டும்போது, சீட் அதன் தண்டவாளத்தில் முழுசாக உட்கார்ந்தால் 'டக்' என்னும். மயிரிழை குறைந்தால்கூடச் சொல்லாது. பார்வைக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் உட்கார்ந்திருக்காது. சத்தம் வராத சீட்டை அவர் எந்த வாடிக்கையாளரிடமும் கொடுத்ததில்லை. இந்தக் கன்னும் உள்ளே போய்விட்ட மாதிரி நடிக்கிறது.

எது தடுக்கிறது? கடைக்கு ஓடி, துணியில் கோடு போடுகிற சாக்பீஸை எடுத்து வந்தார். ஸ்பாஞ்ச் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அவர் தினமும் செய்கிற வேலைதான். கன்னின் முகம் முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்தார். செருகி, அழுத்தி, பிடுங்கினார். வண்டியில் கன் போகிற துளையைக் குனிந்து பார்த்தார்.

துளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். அதன் மேல் வட்டமாக வெள்ளைச் சாக்பீஸ் தூள். கன் முதலில் போய் இடித்தது அந்த வளையத்தில்.

அந்த வளையம் அவர் ஒட்டியது.

சீட்காரர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்த புதிதில், மலையடிவார ஆஸ்பத்திரியில் திறந்தவெளியில்தான் சார்ஜ் போட வேண்டியிருக்கும் என்று மனைவி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அன்றைக்கே, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது என்று, கம்பளி மாதிரியான ஃபெல்ட் துணியை வளையமாக வெட்டித் துளையைச் சுற்றி ஒட்டினார். மெல்லிசுதான். இத்தனை நாளும் கன் அதை அமுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. இந்த வாரத்து மழையில் ஃபெல்ட் ஊறி உப்பி, பசையோடு சேர்ந்து காய்ந்து கட்டையாகிவிட்டது. காலையிலிருந்து சுவரைச் சந்தேகப்பட்டார், வயரைச் சந்தேகப்பட்டார், பேட்டரியை, கம்பெனிக்காரனை, மழையைச் சந்தேகப்பட்டார். தன் கைவேலை மேல் மட்டும் அவர் கண் போகவே இல்லை. வயர்மேன்கூட அது கம்பெனி போட்டு அனுப்பிய வளையம் என்றுதான் நினைத்திருப்பான். அவ்வளவு சுத்தமான வேலை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, மனுஷப் புத்தி அல்லவா, இன்னொரு யோசனையும் வந்தது. ஷெட்டில் யாரும் இல்லை. பிளேடை எடுத்து வளையத்தைச் சீவி எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? உள்ளே ஏதோ தளர்ந்திருந்தது, சரி பண்ணிவிட்டேன் என்று சொன்னால் போதும். மச்சினன் வாயடைத்துப் போவான். மனைவி கண்ணுக்கு அவர் மலை மாதிரி உயர்ந்து நிற்பார்.

பிளேடைக் கையில் எடுத்தும்விட்டார். அப்போது காலையில் அவள் சொன்னது காதில் விழுந்தது. நான்தான் கெடுத்துட்டேன். அவர் வாயைத் திறக்காவிட்டால் அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பாள். நாளைக்கு, அதற்கு மறுநாள், ஒவ்வொரு தடவை இந்தக் கன்னைத் தொடும்போதும் அவள் கை தயங்கும். வார்டையே நடத்தப் போகிறவள், ஒரு வயருக்கு முன்னால் திருடி மாதிரி நிற்பாள். அதை நினைத்ததும் சீட்காரருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"ஏம்மா, இங்க வா," என்று குரல் கொடுத்தார்.

அவள் வந்தாள். கையில் போன் இருந்தது, டாக்டரைக் கூப்பிடத்தான் எடுத்திருக்கிறாள் என்று பார்த்ததும் புரிந்தது. வாசலில் லாரி வந்து நிற்கிற சத்தமும் கேட்டது. மச்சினனும் பின்னாலேயே வந்தான்.

"வண்டி மேல தப்பில்ல. உன் மேலயும் தப்பில்ல. மழை, வயர் எதுவும் இல்ல," என்றார். "நான் ஒட்டுன துணிதான் தடுக்குது. தப்பு என்னோடது."

சாக் பட்ட இடத்தைக் காட்டினார். பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே பிளேடை வளையத்துக்கு அடியில் கொடுத்து, பெயிண்டில் கீறல் விழாமல், சுற்றிச் சுற்றி உரித்து எடுத்தார். தன் வேலையைத் தானே பிரிப்பது அவருக்குப் பழக்கமில்லை. பசையையும் சுரண்டித் துடைத்துவிட்டுக் கன்னைச் செருகினார்.

டக்.

சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. அணைந்தது. பச்சை வந்தது. ராத்திரி முழுக்க ஏறினால் காலையில் மலையடிவாரம் போய்வரத் தாராளமாகப் போதும். மச்சினன் குனிந்து விளக்கைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், லாரிக்காரனை அனுப்பிவிட்டு வருகிறேன் என்று நழுவினான். அவனுக்கு மட்டும் லேசான ஏமாற்றம்.

சிஸ்டர் கறுப்பு வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று சீட்காரர் எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"இதை ஏங்க ஒட்டுனீங்க?"

மழைத்தண்ணி இறங்கக் கூடாதென்று, என்று ஆரம்பித்தார். அவள் அதற்கு மேலும் காத்திருந்தாள். பிரசவ வலியில் இருப்பவர்களிடம் உண்மையை வாங்குகிற பார்வை அது, தப்பிக்க முடியாது.

"பயம்," என்றார். "ராத்திரி டூட்டி முடிச்சு வெளியே வந்து, கொட்டற மழையில அந்த வெட்டவெளியில நீ தனியா நின்னு இதைக் கையில பிடிக்கணும். கரண்ட் சமாச்சாரம். கூப்பிட்டா ஓடி வர்ற தூரத்துல நான் இருக்க மாட்டேன். முதல்லயே வண்டி வேண்டாம்னு சொன்னதும் இந்த மாதிரி பயத்துலதான்."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "இத்தனை மாசமா, என்னால முடியாதுன்னு நீங்க நினைக்கறீங்கன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

சீட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்மைக் கார் என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் அதைத்தான் கேட்டிருக்கிறாள். பந்தயம் கட்டிய மாதிரி ராத்திரி பகலாக ஓட்டிப் பழகியதும் அதனால்தான்.

"உன்னால முடியாதுன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல," என்றார். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டுவிட்டார். "நீ அங்க இருக்கறப்போ இங்க உட்கார்ந்திருக்க என்னால முடியாது. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. துணி வெட்டத் தெரியும், வெட்டி ஒட்டிட்டேன்."

சிஸ்டர் வளையத்தை ஷெட் மூலையில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். நேராக வண்டியிடம் போய் கன்னைப் பிடுங்கினாள். பச்சை அணைந்தது. சீட்காரர் பதறிப்போய் ஓர் அடி முன்னால் வந்தார். அவள் கையை நீட்டி அவரை அங்கேயே நிறுத்தினாள்.

"அங்கயே நின்னு பாருங்க," என்றாள். "நான் மாட்டறேன்."

மாட்டினாள். தயக்கமில்லாமல், ஒரே அழுத்து. டக் என்றது. பச்சை எரிந்தது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பயம் போச்சா?"

சீட்காரர் பொய் சொல்லலாமா என்று யோசித்தார். இன்றைக்கு அது முடியாது என்று தோன்றியது. "இல்ல," என்றார்.

"போக வேண்டாம். அங்க போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன், மாட்டுனதும் பண்றேன், கிளம்பறப்பவும் பண்றேன். நீங்க பயந்துக்கிட்டே எடுங்க," என்றாள். அப்படியே போனைத் திருப்பி டாக்டரைக் கூப்பிட்டு, வார்டில் பேசுகிற குரலில், நாளைக் காலை டூட்டிக்கு நான் வருகிறேன், வேறு யாரையும் போட வேண்டாம் என்றாள்.